கேள்வித்தாளா, பிரட்டுக்களத்துப் புள்ளி அட்டையா?

இலங்கையில் 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டபின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் சபை நிதியைச் செலவிட வழி திறந்தது. அந்தப் பணம் மக்களுக்குப் பயன்பட்டதா என்று அறிய இரண்டு முறைகள் உண்டு.

கேள்வித்தாள் முறையில் பத்து வீட்டுக்கு ஒன்றைத் தெரிந்து, தெருவிளக்கு, குப்பை, பாதை ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி கேட்பார்கள். ஆண்டுதோறும் அதே கேள்விகளைக் கேட்டால் ஏற்ற இறக்கம் தெரியும். பிழை வருவது நேரத்தால். பகலில் போனால் கொழுந்தெடுப்பவர்கள் மலையில் இருப்பார்கள். லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருக்கும் முதியவர்களின் பதில் மட்டுமே தாளில் ஏறும். மாலை ஐந்துக்குப் பிறகோ ஞாயிறன்றோ போக வேண்டும். குடிநீர் பற்றிக் கேட்கும்போது அதை வழங்குவது யார் என்பதை முதலில் கேளுங்கள். இல்லையேல் தோட்ட நிர்வாகத்தின் குறை சபையின் கணக்கில் விழும்.

புள்ளி அட்டை முறையில், தொழிலாளர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் இடமான பிரட்டுக்களத்தில் கூட்டம் கூடும். பெண்கள், ஆண்கள், இளைஞர்கள் தனித்தனியாக அமர்ந்து புள்ளியும் காரணமும் எழுதுவார்கள். தோட்டத் தலைவர்மார் முன்னிலையில் பெண்கள் வாய் திறக்கத் தயங்குவார்கள் என்பதால் இந்தப் பிரிப்பைக் கைவிடவே கூடாது. சபை ஊழியர்களும் தம் வேலைக்குத் தாமே புள்ளியிடுவார்கள். பிறகு இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பேசுவார்கள். அரையாண்டுச் செலவு விபரத்தைத் தமிழில் பெரிதாக எழுதி அங்கேயே ஒட்டுங்கள். கொங்கிறீட் பாதைக்குக் காட்டிய நீளத்தை நாடா பிடித்து அன்றே அளந்துவிடலாம். வட்டாரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் இந்தப் புள்ளிகள் உதவா.

காசும் ஆளும் குறைந்த சபைக்குப் புள்ளி அட்டையே நல்லது. கூட்டம் கலையும் முன் எந்த வேலை, யார் பொறுப்பு, எந்தத் திகதிக்குள் என எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.