மருந்துக் குளிர்பெட்டியுடன் ஆறு ஆண்டுகள்

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கில் கொட்டிய மழையை இங்குள்ளவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலை, ஜார்ஜ்டவுனில் நான் தாதியாக வேலை பார்க்கும் கிளினிக்கில் வாசற்படி வரை தண்ணீர். மின்சாரம் இல்லை. உள்ளே, வீட்டில் வைத்துக்கொள்ளும் சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியில் இன்சுலினும் ஹெப்பட்டைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளும் இருந்தன. எல்லாம் சூடேறிக் கெட்டுவிடுமே என்ற பதைப்பில், உறைபெட்டியிலிருந்த ஐஸ் பொதிகளை அப்படியே எடுத்து, மருந்துகளைச் சுற்றி நெருக்கமாக அடுக்கி, மின்சாரம் இருந்த ஒரு மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே திறந்து பார்த்தால், பொதியை ஒட்டியிருந்த தடுப்பூசிகள் உறைந்து கிடந்தன.

மழை கெடுக்கவில்லை, மின்தடை கெடுக்கவில்லை. என் கைதான் கெடுத்தது.

இந்த வேலையில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறேன். நம் ஊர் வெயிலில் எல்லோரும் சூட்டுக்குத்தான் பயப்படுகிறோம். ஆனால் ஹெப்பட்டைட்டிஸ் பி, டெட்டனஸ் போன்ற தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு கலந்திருக்கிறது. ஒருமுறை உறைந்தால் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். உருகிய பிறகு குலுக்கினால் பார்வைக்கு முன்போலவே வெண்மையாகத் தெரியும். போன வீரியம் திரும்பாது. இன்சுலினும் அப்படித்தான், உறைந்தால் குப்பைக்குத்தான். ஐஸ் பொதியைக் காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்ட பிறகே பெட்டியில் வைக்க வேண்டும் என்பதை அன்றைக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

டாக்டரிடம் நான் ஓயாமல் கேட்டதன் பலனாக, மருந்துக்கென்றே செய்யப்பட்ட குளிர்பெட்டி 2019இல் வந்தது. பழைய பெட்டியைப் போல் பல மடங்கு விலை. இன்றுவரை அந்தப் பணம் வீண் என்று எனக்குத் தோன்றியதில்லை. பழைய பெட்டியின் திருகில் ஒன்று முதல் ஏழு வரை எண்கள் மட்டும் உண்டு, எது எத்தனை டிகிரி என்று தெரியாது. பின்சுவரை ஒட்டி வைத்தது உறையும், கதவுத் தட்டில் வைத்தது வெதுவெதுப்பாகும். புதியதில் விசிறி காற்றைச் சுழற்றுவதால் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஏறக்குறைய ஒரே குளிரில் இருக்கின்றன. 5 டிகிரியில் வைத்திருக்கிறோம். மருந்துகளுக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். வெப்பத்தை அளக்கும் உணர்கருவி, கிளைக்கால் என்ற எளிதில் உறையாத திரவம் நிரம்பிய சிறு குப்பிக்குள் மூழ்கியிருக்கிறது. அதனால் கதவைத் திறந்ததும் எண் துள்ளுவதில்லை. காற்றின் சூட்டைவிட, குப்பிக்குள் இருக்கும் மருந்தின் சூட்டுக்கு நெருக்கமானதையே அது காட்டுகிறது.

குறைகளும் உண்டு. கண்ணாடிக் கதவு பார்க்க அழகு, கதவைத் திறக்காமலே இருப்பைச் சரிபார்க்கலாம். ஆனால் மின்சாரம் போனால் கெட்டிக் கதவைவிடச் சீக்கிரம் குளிரை இழக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் கண்ணாடி வியர்க்கும், கதவின் ரப்பர் விளிம்பில் கரும்பூஞ்சை படியும். வாரம் ஒருமுறை துடைக்கிறேன். எல்லாவற்றிலும் பெரிய குறை எச்சரிக்கை மணி. மூன்றாம் ஆண்டில் அதன் மின்கலம் சத்தமில்லாமல் செத்துப்போயிருந்தது. சோதித்துப் பார்க்கும் பொத்தானைத் தற்செயலாக அழுத்தியதால்தான் தெரிந்தது. சரி, மணி வேலை செய்தாலும் பூட்டிய கிளினிக்கில் நள்ளிரவில் அதை யார் கேட்பது?

அதனால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் வெப்பப்பதிவுக் கருவி ஒன்றைத் தனியாக வாங்கினோம். ஒரு தீபாவளி விடுமுறையில், இரவு இரண்டு மணிக்கு, கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் தூங்கிக்கொண்டிருந்த என்னை அது எழுப்பியது. 8.6, பிறகு 9.1. கணவர் காரை எடுக்க, பாலத்தைக் கடந்து ஓடினோம். இடியில் மின்சுவிட்ச் விழுந்து மின்சாரம் நின்றிருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 10 டிகிரியைத் தொட்டிருந்தது. அப்போது எதையும் அவசரப்பட்டு வீசிவிடக் கூடாது, யாருக்கும் ஊசியாகப் போடவும் கூடாது. குளிரிலேயே தனியாக ஒதுக்கி, ‘பயன்படுத்த வேண்டாம்’ என்று எழுதி ஒட்டி, எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்ற பதிவுடன் தயாரிப்பாளர்களிடம் கேட்டோம். அந்த முறை எல்லாம் தப்பின.

இன்னொன்று. முகப்பில் வேலை செய்யும் அக்கா, வெள்ளிக்கிழமை மாலை கோயிலுக்குப் போக வாங்கிய மல்லிகைச் சரத்தை வாடாமலிருக்க மருந்துப் பெட்டியில் வைப்பார். “பூதானேம்மா, சாமிக்குத்தானே” என்பார். பூவுக்காகக் கதவு நான்கு முறை கூடுதலாகத் திறக்கிறது, சரம் விசிறியின் காற்றை மறைக்கிறது என்று காட்டியபோது புரிந்துகொண்டார். பூவுக்கும் சாப்பாட்டுக்கும் பழைய பெட்டியைப் பின்னறையில் போட்டுக்கொடுத்தோம்.

காலையும் மாலையும் அப்போதைய அளவோடு நிறுத்தாமல், குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளையும் எழுதுகிறோம். காலையில் 5 என்று காட்டும் பெட்டி இரவில் 0 வரை இறங்கி ஏறியிருக்கலாம். எழுதியதும் கருவியில் பதிந்திருக்கும் அந்த இரண்டு அளவுகளையும் அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நேற்றைய எண்ணையே இன்றும் எழுதிக்கொண்டிருப்போம்.

மறுபடி வாங்குவதானால் இதே வகையைத்தான் வாங்குவேன், கெட்டிக் கதவுடன். அதுவரை மணியின் மின்கலத்தை ஆண்டுதோறும் ஜனவரியில் மாற்றி, மாற்றிய தேதியைக் கதவிலேயே எழுதி ஒட்டி வருகிறேன்.