மூன்றில் இரண்டு பாடம் முதல் இரண்டு அடித் தூரத்துக்கே: வீடியோ வழி கோல்ஃப் பயிற்சி எப்படி இருந்தது

நான் இருப்பது யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில். பக்கத்தில் கோல்ஃப் மைதானம் எதுவும் இல்லை. நுவரெலியாவில் வேலை பார்த்த ஒன்பது வருடத்தில் ஒரு நண்பர் பழக்கிவிட்ட ஆட்டம் இது. ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை அங்கே போய் விளையாடுவேன். மற்ற நாட்களில் பின்வளவில், மாமரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே கட்டிய வலைக்குள் அடிப்பதுதான்.

என்னை வருடக்கணக்காக வதைத்தது ஸ்லைஸ். நேரே புறப்படும் பந்து பாதியில் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடும். சரி, யாரிடமாவது முறையாகப் படிப்போம் என்று கொழும்பில் இருக்கும் ஒரு பயிற்சியாளரிடம் மூன்று பாடத்துக்குப் பணம் கட்டினேன். மொத்தம் 18,000 ரூபா. நாங்கள் வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்ப வேண்டும். அவர் அதன்மேல் கோடு கீறி, குரல் பதிவோடு திருப்பி அனுப்புவார். தமிழில் கதைக்கிறார். என்னைப் பொறுத்தவரை அதுவே பாதி மதிப்பு. ஆங்கில வீடியோக்கள் எத்தனையோ பார்த்தும் பிடிபடாத விஷயம் அவர் ஒரு தடவை சொன்னதும் விளங்கியது.

செவின் அயனால், அதாவது ஏழாம் இலக்கக் கோல்ஃப் மட்டையால், அடித்த முதல் வீடியோவைக் கிணற்றுக்கட்டில் போனைச் சாத்தி வைத்து எடுத்தேன். பதிலில் சுவிங்கைப் பற்றி, அதாவது கிளப் எனப்படும் மட்டையைச் சுழற்றும் விதம் பற்றி, ஒரு சொல்கூட இல்லை. "அண்ணா, நீங்கள் கிளப்பை அசைக்க முதலே பிழை தொடங்கிவிட்டது" என்றார். பந்து என் இடது கால் பெருவிரலுக்கு நேரே கிடந்தது. அவ்வளவு முன்னுக்கு இருக்கும் பந்தை எட்டப் போய் இரண்டு தோளும் இலக்குக்கு இடப்பக்கமாகத் திரும்பி நின்றன. செவின் அயனுக்குப் பந்து இரண்டு காலுக்கும் நடுவிலிருந்து ஒரு பந்தளவு முன்னால் இருந்தால் போதும். இடது குதிகாலுக்கு நேரே வைப்பது அதிக தூரம் அடிக்கும் நீள மட்டையான டிரைவருக்கு. இத்தனை வருடம் எல்லாக் கிளப்புக்கும் ஒரே இடத்தில் பந்தை வைத்து அடித்திருக்கிறேன்.

தரையில் இரண்டு தடி போடச் சொன்னார். வேலிக்கு வாங்கி மிஞ்சிய கமுகஞ் சலாகை இரண்டு கிடந்தன. ஒன்றைப் பந்துக்கு அப்பால் இலக்கை நோக்கியும் மற்றதை என் கால்விரல் நுனியோடும் சமாந்தரமாகப் போட்டேன். கால்கள் சரியாக நின்றும் தோள் இடப்பக்கம் திறந்தே இருந்தது. கிளப்பை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்து, அது சலாகை போன திசையையே காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் நம்பினேன். குனிவதையும் திருத்தினார். முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டில் மடிந்து, கைகள் தோளுக்குக் கீழே தளர்வாகத் தொங்க வேண்டும். என் கீழ்முதுகு வலி இதனால் குறைந்தது. பாடத்தில் நான் எதிர்பார்க்காத இலாபம் அது.

இரண்டாவது, மூன்றாவது பாடம் முழுக்க டேக்அவே. கிளப் பந்தை விட்டுப் பின்னே போகும் முதல் இரண்டு அடித் தூரம்தான். நான் மணிக்கட்டை உருட்டி, கிளப்பின் தலையைச் சட்டென்று என் முதுகுப்பக்கம் இழுத்துவிடுகிறேன். அப்படி உள்ளே போனது இறங்கும்போது இடம் தேடி வெளியே பாய்கிறது. அப்புறம் பந்தை வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிறது. பந்தில் படும் கிளப்பின் முகமும் வலப்பக்கம் திறந்திருக்க, பந்து வலப்பக்கம் வளைகிறது. காரணம் இவ்வளவுதான்.

அதற்கு அவர் தந்த பயிற்சிக்காகவே நான் இதை எழுதுகிறேன். கிளப் தலைக்குப் பின்னால் ஒரு பழைய டெனிஸ் பந்தை வைத்து, பின்னே எடுக்கும்போது அதை நேராக உருட்டிவிட வேண்டும். வலைக்கு முன் போட்டிருந்த பாயைத் தூக்கிவிட்டு வெறும் செம்பாட்டு மண்ணில் செய்து பார்த்தேன். முதல் நாள் பந்து ஒவ்வொரு தடவையும் என் குதிகால் பக்கம் ஓடியது. மண்ணில் கிளப் கீறிய கோடு அரிவாள் போல வளைந்து கிடந்தது. கையை மறந்து நெஞ்சும் தோளும் கையும் ஒன்றாகத் திரும்பட்டும் என்று மெதுவாக எடுத்தபோது கோடு ஒரு சாண் தூரம் நேரே போய், பிறகுதான் மெல்ல உள்ளே வளைந்தது. கிளப்பின் தண்டு தரைக்குச் சமாந்தரமாக வரும் இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். தலை கைக்கு நேரே நின்றது. முன்பெல்லாம் அது கைக்குப் பின்னால் ஒளிந்துவிடும். பின்னேரம் பின்னேரமாக ஐம்பது தடவை, பந்தே அடிக்காமல், மூன்று கிழமை செய்தேன். மழை பெய்த அடுத்த நாள் ஈரமண்ணில் கோடு இன்னும் துலக்கமாக விழும். அந்த நாட்களைத் தவறவிடாதீர்கள்.

குறையும் உண்டு. இரண்டாவது வீடியோவுக்கு ஐந்து நாள் பதில் வரவில்லை. கமரா எந்த உயரத்தில், எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே எழுதி அனுப்பியிருக்கலாம். நான் சரிவாக எடுத்ததால் இரண்டு வீடியோ வீணானது. கையின் உயரத்தில், இலக்குக் கோட்டுக்குப் பின்னால் ஒன்று, நெஞ்சுக்கு நேரே ஒன்று எடுங்கள். கிரிப்பை, அதாவது கிளப்பைக் கையில் பிடிக்கும் விதத்தை, மூன்று பாடத்திலும் அவர் தொடவேயில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த முறை போதாது. ஒருவர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்து வைக்கத்தான் வேண்டும்.

வலைக்குள் அடித்தால் பந்து எங்கே போகிறது என்று தெரியாது. போன மாதம் நுவரெலியா போனபோதுதான் பார்த்தேன். அங்குள்ள கோல்ஃப் சங்கம் 1889இல் தொடங்கியது. 1,800 மீற்றருக்கு மேலே காற்று மெல்லியது என்பதால் பந்து கொஞ்சம் கூடத் தூரம் போகும், அதைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். செவின் அயனில் அடித்த பந்துகளில் பெரும்பாலானவை நேரே போய்ப் புல்லில் விழுந்தன. கூட வந்த நண்பர் "என்ன ஐயா, ஆளே மாறிவிட்டீர்" என்றார். டிரைவர் இன்னும் வலப்பக்கம்தான் போகிறது. அதற்காக அடுத்த மூன்று பாடத்துக்கும் கட்டிவிட்டேன். டிரைவரை முழுதாகச் சுழற்ற மாமரத்தின் தாழ்ந்த கிளை இடம் விடாது. ஞாயிற்றுக்கிழமை அதை வெட்டிவிட்டு முதல் வீடியோவை அனுப்ப வேண்டும்.