டில்லமூக் விமான அருங்காட்சியகம்: விமானத்துக்காக அல்ல, கூரைக்காகப் போங்கள்

பழைய போர் விமானங்களைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அமெரிக்காவின் ஓரிகான் கடற்கரைப் பக்கத்து டில்லமூக் சுமார் ரகம். 2014-ல் அங்கிருந்த எரிக்சன் விமானச் சேகரிப்பு ஓரிகான் மாநிலத்தின் உட்பகுதியில் இருக்கும் மாட்ராஸ் ஊருக்குப் போய்விட்டது (பெயர் ஒன்றுதான், நம் மெட்ராஸ் இல்லை). அதோடு நல்ல விமானங்களில் பெரும்பகுதியும் கிளம்பிவிட்டது. மிஞ்சியவற்றில் எஃப்-14 டாம்கேட் போர் விமானமும் வெளியே நிற்கும் மினி கப்பி என்ற பருத்த சரக்கு விமானமும் சொல்லும்படியானவை. கேமராவோடு போகிறவருக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. அங்கே பார்க்க வேண்டியதே கட்டடம்தான்.

1943-ல் அமெரிக்கக் கடற்படை கட்டிய ‘ஹேங்கர் பி’ (ஹேங்கர் என்றால் விமானக் கொட்டகை) அது. நீளம் 1,072 அடி, அகலம் 296 அடி, உயரம் 192 அடி. தரைப்பரப்பு மட்டும் ஏழு ஏக்கருக்கு மேல். ஜப்பானிய நீர்மூழ்கிகளைத் தேடிக் கடலோரம் ரோந்து போன ஹீலியம் வான்கப்பல்கள், அதாவது 252 அடி நீள கே-ரக பிளிம்புகள், இதற்குள் அடைந்து கிடந்தன. போர்க்காலத்தில் எஃகெல்லாம் கப்பலுக்கும் டாங்கிக்கும் போனதால் வளைவுகள் முழுக்க மரம். கீழே அவற்றைத் தாங்குவது கான்கிரீட் கால்கள். தீப்பிடிக்காமல் இருக்க மரத்தில் உப்புக் கரைசல் ஏற்றியிருந்தார்கள். ஆனாலும் பக்கத்திலிருந்த ‘ஹேங்கர் ஏ’ 1992 ஆகஸ்டில் எரிந்து தரைமட்டமானது. உள்ளே வைக்கோல் அடுக்கி வைத்திருந்தார்கள். கலிஃபோர்னியாவின் டஸ்டினில் இதே காலத்து மர ஹேங்கர் ஒன்று 2023 நவம்பரில் எரிந்தது. நாடு முழுக்கப் பதினேழு கட்டினார்கள். இப்போது எண்ணிச் சொல்லும் அளவுக்குத்தான் மிச்சம். எனவே படம் எடுக்கும் எண்ணமிருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் செய்யும் தவறு, இருப்பதிலேயே அகலமான லென்ஸை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் பக்கத்தில் போய் நிற்பது. 16 மி.மீ. லென்ஸில் கட்டடம் முழுக்க ஃபிரேமுக்குள் வரும், பிரம்மாண்டம் வெளியே போய்விடும். கூரை பின்னால் சாய்ந்து, தூரத்து முனை சுருங்கி, பார்ப்பவருக்கு ஏதோ பெரிய கிடங்கு என்று தோன்றும். இந்தக் கட்டடத்துக்கு வேண்டியது தூரமும் அளவு காட்ட ஓர் ஆளும்.

தூரத்தைக் கணக்குப் போட்டே எடுக்கலாம். ஃபுல் ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சார்) கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் வைத்து நீளவாட்டுப் பக்கம் முழுவதையும் அடக்க ஏறக்குறைய 220 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், 50 மி.மீ. என்றால் 450 மீட்டருக்கு மேல். முகப்பு எளிது போலத் தெரியும், 90 மீட்டர் அகலம்தானே. சிக்கல் உயரத்தில் இருக்கிறது. கேமராவை மட்டமாக வைத்து, கிடைவாக்கில், அதே 24 மி.மீ.யில் எடுத்தால் உச்சி ஃபிரேமுக்குள் வரச் சுமார் 115 மீட்டர் பின்வாங்க வேண்டும். நெட்டுவாக்கில் 76 மீட்டர் போதும், ஆனால் அந்தத் தூரத்தில் முகப்பின் இரு ஓரமும் வெட்டுப்படும். கேமராவை அண்ணாத்தாமலே 12 மி.மீ. மேலே நகர்த்தக்கூடிய 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸ் இருந்தால் 60 மீட்டரிலேயே மொத்த முகப்பும் நிமிர்ந்து நிற்கும். அது இல்லாதவர்கள் கேமராவை அண்ணாந்து எடுத்துவிட்டு வீட்டில் நிமிர்த்துவதைவிட, மட்டமாக எடுத்துக் கீழ்ப்பாதித் தரையை வெட்டிவிடுவது மேல். நிமிர்த்தும்போது கூரையின் வளைவு இழுபட்டு, முட்டையின் கூர்முனை மாதிரி ஆகிவிடும்.

கதவுகளைத் தனியாக எடுங்கள். ஒவ்வொரு முனையிலும் ஆறு பலகைகள், ஒவ்வொன்றும் 120 அடி உயரம், 30 டன் எடை. முழுக்கத் திறந்தால் 220 அடி வழி. தண்டவாளத்தில் ஓடுபவை இவை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகக் கேமராவை வைத்து, கதவின் அடிப்பாகம் மட்டும் தெரிய ஒரு படம் எடுத்தால், முழுக் கட்டடத்தை எடுத்த பத்துப் படங்கள் சொல்லாததை அது சொல்லும். ஆளை நிறுத்துவதாக இருந்தால் கதவை ஒட்டியே நிறுத்துங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பவர் பெரிதாகத் தெரிந்து கட்டடத்தைக் குட்டையாக்கிவிடுவார். உச்சியோடு ஒப்பிட்டால் ஐந்தரை அடி ஆள் முப்பத்தைந்தில் ஒரு பங்குதான், எனவே சட்டை சிவப்போ மஞ்சளோ இல்லாவிட்டால் ஆளே தெரியமாட்டார்.

உள்ளே போனால் கதை வேறு. அகல லென்ஸுக்கு இங்கே ஒரே ஒரு வேலை: நடுக்கோட்டில் நின்று, இரு பக்கக் கான்கிரீட் கால்களும் சமமாக வரும்படி ஒரு படம். நடுவிலிருந்து ஓரடி விலகினாலும் வளைவுகள் ஒரு பக்கம் இழுக்கும். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு 85 முதல் 135 மி.மீ.க்கு மாறுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பார்த்து எடுத்தால் மர வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கி அடுக்காக நிற்கும். இந்த இடத்தின் சிறந்த படம் அதுதான். எஃப்/8 துளை அளவில் 24 மி.மீ. லென்ஸை மூன்று மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் ஒன்றரை மீட்டருக்கு அப்பால் எல்லாம் தெளிவு. 85 மி.மீ.யில் அதே துளைக்கு முப்பது மீட்டரில் ஃபோகஸ் வைக்க வேண்டும், பதினைந்து மீட்டருக்குள் இருக்கும் விமான மூக்கு மங்கிவிடும். அதை ஃபிரேமுக்கு வெளியே தள்ளுங்கள்.

வெளிச்சம்தான் பெரிய தலைவலி. மரம் வயதேறிக் கறுத்திருக்கிறது, கூரை உச்சி இருட்டு. கதவு திறந்திருந்தால் வெளியே வெள்ளை வானம். ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் அடங்காது. இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) இடைவெளியில் ஐந்து ஃபிரேம், ஐஎஸ்ஓ 100, ராவில் (சுருக்காத மூலக் கோப்பு) எடுத்து பிறகு சேருங்கள். சேர்க்கும்போது மென்பொருளை அதன் போக்கில் விட்டால் வளைவுகளைச் சுற்றி வெளிறிய விளிம்பு கட்டும், நிழலெல்லாம் சாம்பல் பூத்துப்போகும். உச்சி கொஞ்சம் இருண்டே இருக்கட்டும். இருட்டு இல்லாமல் அந்த உயரம் தெரியாது. வானம் மூடிய நாளில் உள்ளுக்கும் வெளிக்குமான வித்தியாசம் குறையும், ஆகவே மழைநாள் என்று சலித்துக்கொள்ளத் தேவையில்லை. கடற்கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்குப் பஞ்சமே கிடையாது.

விளக்கொளியில் மரம் ஆரஞ்சாகவும், வாசல் வெளிச்சம் நீலமாகவும் விழும். கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ வொயிட் பேலன்ஸ் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். 4,200 கெல்வின் அளவில் பூட்டிவிட்டு, சாம்பல் அட்டையோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். இந்தியாவில் வாங்கிய கேமராவுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. இங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் அமைப்பிலேயே வீடியோ எடுத்தால் விளக்குக்கடியில் பட்டைகள் ஓடும். மெனுவில் 60 ஹெர்ட்ஸுக்கான என்டிஎஸ்சி அமைப்புக்கு மாற்றி, ஷட்டரை 1/60-ல் வையுங்கள்.

ஃபோனில் எடுப்பவர்கள் இரவுப் பயன்முறையை நம்ப வேண்டாம். இருட்டில் பின்னிக்கிடக்கும் குறுக்குச் சட்டங்களை அது நீர்வண்ணம் போல இழுகித் தேய்த்துவிடும். முதன்மை லென்ஸில், ராவ் வசதி இருந்தால் அதில், கைப்பிடிக் கம்பியில் சாய்த்து வைத்து எடுங்கள். ஃபிளாஷ் வீண், கூரை 58 மீட்டர் மேலே.

டிரைபாட் விரிக்கும் முன் நுழைவு மேசையில் கேட்டுவிடுங்கள். ட்ரோன் விஷயத்தில் அவசரம் கூடாது: பக்கத்திலேயே விமான ஓடுதளம் இருக்கிறது, 250 கிராமுக்கு மேல் உள்ள ட்ரோனை அமெரிக்க விமானத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், இடத்தின் உரிமையாளர் சம்மதமும் வேண்டும். உள்ளே வெப்பமூட்டி கிடையாது, கோடையிலும் குளிரும். பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரியைச் சட்டைப்பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள்.

போர்ட்லண்டிலிருந்து ஆறாம் எண் சாலையில் மலையைத் தாண்டி வந்தால் ஒன்றரை மணி நேரம். ஊருக்குத் தெற்கே 101 நெடுஞ்சாலையை ஒட்டிய மேய்ச்சல் நிலங்களிலிருந்து 200 மி.மீ. லென்ஸில் ஹேங்கரைப் பசுக்களுக்குப் பின்னால் வைத்து எடுக்கலாம். வண்டியை ஒதுக்கிடத்தில் மட்டும் நிறுத்துங்கள், வேலியைத் தாண்ட வேண்டாம். ஓரிரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் விமானங்களை விட்டுவிட்டு உள்ளே நீள லென்ஸில் வளைவுகள், வெளியே கதவின் அடிப்பாகம், இந்த இரண்டை மட்டும் முடியுங்கள்.