மோட்டர்ஹோம் கழிவுநீர்த் தொட்டியின் விரிசல்: பழுது நீக்கிய பிறகான சில ஆண்டுகள்

கனடாவின் ஒன்டாரியோவில் பழைய மோட்டர்ஹோம் (சமையலறை, குளியலறையோடு வீடு போல அமைந்த பயண வண்டி) வாங்குபவர்கள் எஞ்சினையும் கூரையையும் தட்டிப் பார்க்கும் அளவுக்கு, வண்டியின் அடியில் தொங்கும் பிளாஸ்டிக் தொட்டிகளைக் கவனிப்பதில்லை. எங்கள் வண்டியில் சமையலறை நீரும் குளியல் நீரும் சேரும் தொட்டி, வடிகால் குழாய் இணையும் மூலையில் கசியத் தொடங்கியது. அதை நானே சரிசெய்து, பல கோடைப் பயணங்களையும் உறைபனிக் காலங்களையும் கடந்துவிட்ட நிலையில் இதை எழுதுகிறேன்.

பசையை வாங்கும் முன் தொட்டி எந்த வகைப் பிளாஸ்டிக் என்று அறிவதே முதல் வேலை. இவ்வகைத் தொட்டிகள் பெரும்பாலும் ஏபிஎஸ் அல்லது பாலிஎத்திலீனால் ஆனவை. விளிம்பில் சுரண்டிய சிறு துணுக்கு நீரில் மூழ்கினால் அது ஏபிஎஸ் ஆக இருக்கலாம், பாலிஎத்திலீன் மிதக்கும். அசிட்டோன் என்ற கரைப்பான் தொட்ட இடம் இளகி ஒட்டும் தன்மை பெற்றால் ஏபிஎஸ் என்று உறுதியாகக் கொள்ளலாம். எங்கள் தொட்டி இரண்டு சோதனைகளிலும் ஏபிஎஸ் என்றே காட்டியது.

தொட்டியைக் காலி செய்து பலமுறை அலசி, நன்றாக உலரவிட்ட பின், விரிசலின் இரு முனைகளிலும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் துளையிட்டேன்; இல்லாவிட்டால் மேலே எத்தனை பூச்சு பூசினாலும் அடியில் விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு விரிசலை ஆங்கில வி வடிவில் அகலப்படுத்தி, உப்புத்தாளால் தேய்த்து, ஏபிஎஸ் துணுக்குகளை அசிட்டோனில் கரைத்த குழம்பை மெல்லிய அடுக்குகளாக நிரப்பினேன். ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து, உள்ளே கரைப்பான் சிக்கிக்கொள்ளும். கடைசியாக, மூலைகளை வட்டமாக வெட்டிய ஏபிஎஸ் தகட்டை அதே குழம்பால் மேலே பதித்தேன். அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பற்றுவதால், புரொப்பேன் சிலிண்டரை மூடி, அந்த வாயுவில் இயங்கும் குளிர்பெட்டியின் சுடரையும் அணைத்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஆனால் இந்தப் பழுதுநீக்கம் நிலைத்ததற்குக் குழம்பைவிடக் குழாய்க்குப் போட்ட தாங்கியே காரணம் என்பது என் கணிப்பு. 150 லிட்டர் நீர் என்றால் 150 கிலோ. வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்தச் சுமை தொட்டிக்குள் அலைமோத, தாங்கல் இல்லாத 3 அங்குல வடிகுழாயும் அதன் வால்வும் தொட்டிச் சுவரை நெம்புகோலாக இழுக்கின்றன. குழாயை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைக்கும் உலோகப் பட்டை ஒன்றைப் போட்டபின் அந்த மூலையில் புதிய விரிசல் எழவில்லை. இலையுதிர் காலத்தில் தொட்டியைக் காலி செய்து, மோட்டர்ஹோமுக்கென விற்கப்படும் நச்சுத்தன்மை குறைந்த உறையெதிர்ப்பு நீரை வால்வுப் பக்கம் ஊற்றிவைப்பதும் அவசியம். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது.

அதே வண்டியின் நன்னீர்த் தொட்டி பாலிஎத்திலீன். அதன் மேல்விளிம்புக் கீறலில் ஒட்டிய பியூட்டைல் நாடா (கசிவை அடைக்கும் ரப்பர் ஒட்டுநாடா), முதல் கோடை முழுதும் பிடித்திருந்து, பிறகு ஓரங்களில் எழும்பியது. பாலிஎத்திலீன் மேற்பரப்பில் பெரும்பாலான பசைகள் பற்றாது. தீச்சுடரை விரைவாக ஓட்டி மேற்பரப்பைப் பதப்படுத்திய பின் பூசும் எபாக்சி பசை ஓரளவு பிடிக்கும் என்றாலும், நீர் அழுத்தம் மிகும் அடிப்பகுதிக்கு அதை நான் நம்பமாட்டேன். அங்கே அதே பிளாஸ்டிக்கின் குச்சியை உருக்கிச் செய்யும் வெப்பக்காற்று வெல்டிங்தான் வழி. அதற்குத் தொட்டியைக் கழற்ற வேண்டியிருப்பதால், எங்கள் கீறலை வெல்டிங் பட்டறையிடமே ஒப்படைத்தேன். கூலி கூடுதல்தான், ஆனாலும் புதுத் தொட்டியின் விலையைவிடக் குறைவு.