பழைய குதிரை லாரி: இன்ஜினுக்கு முன்னால் தளத்தைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வட்டாரத்தில் செகண்ட்ஹேண்ட் குதிரை லாரி தேடுகிறவர்கள் கண்ணில் அடிக்கடி படுவது ஒரு வகைதான். இசுசு என் வரிசை, ஹினோ 300, டொயோட்டா டைனா போன்ற நடுத்தர லாரி. அதன் சேஸிஸ்மேல் ஏதோ ஒரு பட்டறையில் கட்டிய, நாலு குதிரை நிற்கும் பாடி. லாரி என்ற அளவில் இவை நல்ல வண்டிகள். உதிரிபாகம் சிரமமில்லாமல் கிடைக்கும், கைவைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். ஆனால் பாடியைப் பற்றி ஒட்டுமொத்தமாக எதுவும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பாடியும் ஒவ்வொரு கையில் உருவானது. இன்ஜின் ஓட்டத்தையும் புதுப் பெயின்ட்டையும் பார்த்துப் பணத்தைக் கொடுத்தவர்கள் பின்னால் தளத்துக்கும் சேஸிஸுக்கும் கொட்டி அழுவார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

முதல் வேலை, உள்ளே விரித்திருக்கும் ரப்பர் பாயைத் தூக்கிக் காட்டச் சொல்வது. "ஒட்டியிருக்கிறது, எடுக்க முடியாது" என்று பதில் வந்தால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள். குதிரையின் மூத்திரம் பாய்க்கு அடியில் போய்த் தேங்கி, காற்றுப் படாமல் மாதக்கணக்கில் ஊறுகிறது. ஒரு குதிரை 450 முதல் 550 கிலோ. வளைவில் அது தடுமாறிக் காலை மாற்றி வைக்கும்போது அந்த எடையில் பெரும்பங்கு ஒரே குளம்பில் இறங்கும். பலகை விட்டுக்கொடுத்தால் கால் நேரே ரோட்டுக்குத்தான் போகும். அதனால்தான் இதில் இவ்வளவு கறாராகச் சொல்கிறோம்.

பலகைத் தளமென்றால் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். சாணுக்கு ஒரு குத்து வீதம் சுவரோரம், பின்கால்கள் நிற்கும் இடம், குதிரை ஏறி இறங்கும் சாய்பலகையான ரேம்ப்பின் கீல் இருக்கும் விளிம்பு என்று வரிசையாகக் குத்திக்கொண்டே வாருங்கள். நல்ல பலகையில் முனை 'டொக்'கென்று மேலேயே நிற்கும். ஊறிய பலகையில் சத்தமே இல்லாமல் இறங்கும். வெளியே இழுத்தால் முனையில் கறுத்த ஈர நார் ஒட்டியிருக்கும், அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். அலுமினியத் தளம் உளுக்காது என்று விற்பவர் சொல்வார். உளுக்காதுதான், ஆனால் அரிக்கும். வெள்ளைப் பொடி பூத்த இடத்தைத் துணியால் துடைத்து விரலால் தடவுங்கள். குழிகுழியாகத் தட்டுப்பட்டால் அந்தத் தட்டின் கனம் குறைந்துவிட்டது. இரும்பு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடங்களில்தான் இது அதிகம். இரண்டு உலோகத்துக்கு நடுவே உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் கரையும். கடற்கரைப் பக்கமே நின்ற வண்டிக்கு இந்தச் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும்.

பிறகு டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துத் தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களைச் சுத்தியலால் தட்டுங்கள். அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு பளபளத்தால் ஏன் இப்போது பூசினார்கள் என்று கேளுங்கள். கேபினுக்குப் பின்னால், பாடியின் அடிச்சட்டம் தொடங்கும் இடத்தில் சேஸிஸில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வண்டி முறுக்கும் விசை அங்கேதான் குவியும். நீளத்துக்காகச் சேஸிஸை வெட்டி வெல்டிங் வைத்த வண்டி என்றால், யார் செய்தது என்ற காகிதம் இல்லாமல் வாங்காதீர்கள்.

அடுத்து எடை. முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்கில் டேர் என்று வெற்று எடையும், ஜிவிஎம் என்று மொத்த அனுமதி எடையும் இருக்கும். ஒரு காலத்தில் திறந்த லாரியாக இருந்த வண்டிமேல் பிற்பாடு குதிரை பாடி ஏற்றியிருந்தால், டிஸ்கில் இன்னும் பழைய டேரே இருக்கலாம். ஆகவே டிஸ்கை நம்பாமல், டீசல் நிரப்பி எடைமேடையில் ஏற்றுங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜிவிஎம் 7,500 கிலோ, எடைமேடை காட்டியது 5,150 கிலோ. மீதி 2,350. நாலு குதிரை தலைக்கு 500 கிலோ வீதம் 2,000. ஓட்டுநரும் இரண்டு குதிரைக்காரர்களும் 240. சேணம், வைக்கோல், தண்ணீர் 200. மொத்தம் 2,440, அனுமதியைவிட 90 கிலோ கூடுதல். விளம்பரத்தில் 'நாலு குதிரை லாரி' என்று வந்தது சட்டப்படி மூன்று குதிரை லாரிதான், விலையையும் அப்படியே பேசுங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டையும் தனித்தனியாக நிறுத்தி, வண்டியில் பதித்த தகட்டின் அளவோடு ஒப்பிடுவதும் அவசியம். பாடி பின்பக்கம் அதிகம் நீண்டிருந்தால் பின் ஆக்சில் திணறும், ஸ்டியரிங் இலேசாகிவிடும்.

ரேம்ப்பை ஒரே ஆள் தூக்கி மூட முடிய வேண்டும். இரண்டு பேர் முக்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது பலகை தண்ணீர் குடித்துக் கனத்திருக்கிறது. குதிரைகளுக்கு நடுவேயுள்ள தடுப்புகளின் பூட்டு ஊசிகள், தடுப்பின்மேல் சாய்ந்து அழுத்தும்போதும் ஒரே இழுப்பில் கழன்று வர வேண்டும். விழுந்த குதிரையை எழுப்ப அதுதான் வழி. குதிரைக்காரர் வெளியேற தனிக் கதவு இல்லாத பாடி வேண்டாம். காற்றுத் திறப்புகளில் நுண்வலை இருந்தால் நல்லது. ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பரப்பும் குட்டிக் கொசுப்பூச்சிகள் அந்தி முதல் விடியல் வரை பறப்பவை.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடலாம். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். குதிரை லாரிகளுக்கே உரிய கோளாறு, ஓடாமல் நின்றே கெடுவது. கிலோமீட்டர் குறைவாக இருக்கும், பிரேக் சிலிண்டர் இறுகியிருக்கும், டயர் ரப்பர் வெடித்திருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள்: 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவ்வளவு பழைய டயரில் குதிரை ஏற்றக் கூடாது. காற்று பிரேக் உள்ள வண்டியில் காற்றுத் தொட்டியின் வால்வைத் திறந்தால் தண்ணீரோடு எண்ணெயும் வந்தால் கம்ப்ரசர் தேய்ந்திருக்கிறது. புகைக்குழாயை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்கிறதா என்பதை இறக்கத்தில்தான் அறிய முடியும். என்3 சாலையில் வேன் ரீனன் கணவாயைப் பாரத்தோடு இறங்கப்போகிறவர் இதை விடவே கூடாது.

காகிதத்தில் கவனிக்க வேண்டியவை. பதிவுச் சான்றில் உரிமையாளர் ஒருவர், டைட்டில் ஹோல்டர் (சட்டப்படி வண்டிக்குச் சொந்தக்காரர்) வேறொருவர் என்றிருந்தால் பெரும்பாலும் வங்கிக் கடன் பாக்கி இருக்கிறது. கடன் தீர்ந்த கடிதம் வந்த பிறகே பணம். இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் நேரில் ஒப்பிடுங்கள். பெயர் மாற்ற வாங்கும் ரோட்வர்த்தி சான்று (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று) 60 நாள் செல்லும். பெயர் மாற்றத்தை 21 நாளுக்குள் முடிக்க வேண்டும். 3,500 கிலோவுக்கு மேல் 16,000 கிலோ வரை ஜிவிஎம் உள்ள லாரிக்கு சி1 லைசென்ஸும் தொழில்முறை ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். இவை இல்லாத ஓட்டுநர் விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும்.

டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாத உத்தரவாதம் உண்டு. தனி ஆளிடம் வாங்கும்போது ஒப்பந்தத்தில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று எழுதுவார்கள், உள்ளது உள்ளபடி என்று பொருள். தெரிந்தே மறைத்த குறைக்கு அந்தச் சொல் காப்பாகாது. ஆனால் அவருக்குத் தெரியும் என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். ஆகவே தளம் எப்போது மாற்றப்பட்டது, சேஸிஸில் வெல்டிங் உண்டா, எடைமேடை எடை எவ்வளவு என்ற மூன்று கேள்விக்கும் பதிலை எழுத்தில் வாங்கி, கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.