பாட்டி முகத்துக்கு எது சரி: ஈரத்தாளா, அடுக்கா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிறுதோறும் என்னோடு வரைய உட்காரும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். நீர்வண்ணத்தில் முகம் தீட்டத் தாளை நனைத்துக்கொள்வதா, காய்ந்த தாளில் மெல்லிய பூச்சுகளை அடுக்கடுக்காக ஏற்றுவதா? இரண்டு விதமாகவும் என் பாட்டியை வரைந்திருக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர்.

ஈரத்தாளில் கன்னத்து நிறம் தானாகவே தாடைக்கு இறங்கும், விளிம்பு தெரியாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் தாள் சீக்கிரம் காயாது, அதனால் கைக்கு நிறைய நேரம் கிடைக்கும். வம்பும் அங்கேதான். நேரம் இருக்கிறதே என்று தொட்டுக்கொண்டே இருப்போம். பாதி காய்ந்த இடத்தில் தண்ணீர் மிகுந்த தூரிகை பட்டால், அந்தத் தண்ணீர் நிறத்துகளை ஓரத்துக்குத் தள்ளும். காலிபிளவர் பூத்ததுபோல் கறை விழும். மேகத்தில் விழுந்தால் அழகு, மூக்கோரம் விழுந்தால் முகமே போச்சு. பினாங்கு ஓவியர் யோங் முன் சென் (1896–1962) தீட்டிய நீர்வண்ணக் காட்சிகளைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. ஆனால் காட்சி வேறு, முகம் வேறு. தென்னை ஓர் அங்குலம் தள்ளி நின்றாலும் தென்னைதான். கண் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் அது வேறு ஆள்.

ஈரத்தாளில் தீட்டிய முதல் படத்தைப் பாட்டியிடம் காட்டினேன். "நெறம் நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் கரைஞ்சு போயிட்டேனே ஐயா" என்றார்.

அடுக்கு முறைக்குப் பொறுமை வேண்டும். எல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளில் குவினாக்ரிடோன் ரோஸ் என்ற ரோஜாச் சிவப்பு கொஞ்சம் கலந்த மெல்லிய பூச்சு முதலில். அது காய்ந்ததும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. நிழலுக்கு அதே சியன்னாவில் அல்ட்ராமரின் நீலம். நம் கறுத்த தோலுக்கு இந்த முறைதான் பொருந்தும் என்பேன். கறுப்பு டியூப்பைப் பிதுக்கினால் தோல் செத்துக் கிடக்கும். நீலமும் செம்பழுப்பும் மேலும் கீழுமாகப் படிந்தால் கீழ்ப்பூச்சு உள்ளிருந்து ஒளிரும். வாசலில் உட்கார்ந்தவரின் நெற்றியில் வானத்து வெளிச்சம் லேசான நீலமாகத்தான் விழும். அதையும் அடுக்கில்தான் பிடிக்க முடிந்தது. நரைக்கும் மூக்குத்திப் பொட்டுக்கும் வெள்ளை வண்ணம் வேண்டாம், தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிட வேண்டும்.

காய்ந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள், ஜில்லென்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. மழை நாளில் ஹேர் டிரையர் இல்லாமல் நான் உட்காருவதில்லை.

செலவில் அடுக்கு முறைதான் கடிக்கும். மரக்கூழ்த் தாளில் மூன்றாம் பூச்சு ஏற்றும்போதே கீழ்நிறம் கலைந்து சேறாகிவிடும். அதனால் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள முழுப் பருத்தித் தாள் வேண்டும். 56×76 செ.மீ. முழுத்தாளை எட்டாக வெட்டினால் 28×19 அளவில் எட்டு முகத்துக்கு வரும். ஈரத்தாள் பயிற்சியை மலிவான தாளிலும் ஓட்டலாம். சிவப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் வெளிறும், சுவரில் மாட்டும் படத்தில் சில வருஷத்தில் உதட்டு நிறம் போய்விடும்.

புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு நான் அடுக்கைத்தான் சொல்லிக்கொடுப்பேன். தப்பு எந்தப் பூச்சில் நடந்தது என்று அதில் தெரியும். ஐந்தாறு முகம் முடிந்தபின் கன்னத்தை மட்டும் நனைத்துப் பார்க்கச் சொல்வேன். பாட்டியின் மூன்றாவது படத்தை அப்படித்தான் தீட்டினேன். கண்ணும் மூக்கும் காய்ந்த அடுக்கில், தாடையும் முந்தானையும் ஈரத்தில். அந்தப் படம்தான் இப்போது அவர் கட்டிலுக்கு எதிரே தொங்குகிறது.