பாலாற்று உப்புக்கு எது சரி: உத்தரவா, வரியா, சந்தையா?

வாணியம்பாடிப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால் பாலாற்றுப் பேச்சு ஆந்திராக்காரனில்தான் ஆரம்பிக்கும். புல்லூர்த் தடுப்பணையை 2016இல் உயர்த்திவிட்டான், இனி தண்ணீர் எங்கே வரும் என்பார்கள். உயர்த்தியது உண்மைதான். ஆனால் எல்லை தாண்டி வந்த தண்ணீரை இந்தப் பக்கம் நாம் என்ன செய்தோம் என்று பார்க்க என் பெரியப்பா கிணறு போதும். மோட்டார் போட்டு ஒரு மணி நேரம் பாய்ச்சி, வாய்க்கால் காய்ந்ததும் கரையில் வெள்ளையாகப் பூத்து நிற்கும், தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. தென்னை நிற்கிறது, காய்தான் கைக்குள் அடங்கிவிடுகிறது.

பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவித்தான் வரும். தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், ஊறவைத்து அலசினால் அந்த உப்பு அப்படியே தண்ணீரோடு இறங்கிவிடும். எல்லோரும் தோல் பதனிடப் போடும் குரோமியத்தைப் பற்றித்தான் பேசுவார்கள், ஆனால் அதையாவது படியவைத்துப் பிரித்துவிடலாம், கரைந்த உப்பு சாதாரண சுத்திகரிப்புக்கு மசியாது. ஷாப்காரர் கணக்குப் புத்தகத்தில் தோல் விலை, கூலி, கரண்ட் எல்லாம் இருக்கும், பெரியப்பா கிணறு மட்டும் இருக்காது. அதை எப்படி அந்தப் புத்தகத்தில் ஏற்றுவது என்பதுதான் 1920இல் பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளாதாரக்காரர் புத்தகம் எழுதிய காலத்திலிருந்து பொருளாதாரக்காரர்களின் சண்டை.

முதலில் உத்தரவு. எங்கள் ஊருக்கு நன்றாகப் பழக்கமானது. தோல் ஷாப் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, 'கெடுத்தவரே காசு கொடுக்க வேண்டும்' என்ற கொள்கையை நாட்டின் சட்டம் என்று அறிவித்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வை எடுத்துக்காட்டியது. நல்ல தீர்ப்பு, சந்தேகமில்லை. நிலத்துக்கான நஷ்டஈட்டைக் கணக்கிட ஓர் ஆணையமும் வைக்கச் சொன்னது. அதோடு ஒவ்வொரு ஷாப்புக்கும் போட்ட அபராதம் 10,000 ரூபாய். நான் முறைப்பது இந்த இடத்தில்தான். ஒரு டேங்கர் கழிவு விட்டவருக்கும் நூறு டேங்கர் விட்டவருக்கும் ஒரே பத்தாயிரம் என்றால், நூற்றியோராவது டேங்கருக்கு விலை என்ன? சுழியம்.

பிறகு கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்ற விதி வந்தது. அதற்காகப் பொது சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ., அதன் பின்னால் ஆவியாக்கும் இயந்திரம் என்று வரிசையாக வைத்தார்கள். அந்த இயந்திரத்துக்கு நீராவி வேண்டும், நீராவிக்கு எதையாவது எரிக்க வேண்டும். ஆக, ஆற்றுக்குக் கேடு குறைந்தாலும் புகைபோக்கி வழியாக வேறு கேடு கிளம்புகிறது. மிஞ்சும் கலப்பு உப்பு விலைபோகாமல் மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது.

அடுத்தது வரி. இதில் நம் நாட்டுக்கு நிஜ அனுபவம் உண்டு. நிலக்கரிக்கு 2010இல் டன்னுக்கு 50 ரூபாய் என்று ஆரம்பித்த செஸ் என்ற தனி வரி 2016இல் 400 ஆனது. ஒரு டன் நிலக்கரி எரிந்தால் சுமார் ஒன்றரை டன் கரியமில வாயு வரும் என்று வைத்தால், வாயுவுக்கு டன்னுக்கு 260 ரூபாய் சொச்சம். வசூலிப்பது சுலபம், சுரங்க வாசலில் லாரியை எடை போட்டாலே போதும். ஆனால் 2017இல் அது ஜி.எஸ்.டி. இழப்பீட்டுச் செஸ்ஸுக்குள் கரைந்து, சுத்தமான எரிசக்திக்கென்று எடுத்த காசு மாநிலங்களின் வருவாய்க் குறையை அடைக்கப் போனது. வரியில் தப்பில்லை, காசு போன இடம்தான் தப்பு.

மூன்றாவது சந்தை. மொத்தம் இவ்வளவுதான் கழிவு என்று ஒரு மூடி போட்டு, அதற்குள் உரிமச்சீட்டைப் பிரித்துக் கொடுத்து, வாங்கி விற்க விடுவது. ஒரு பேச்சுக்கு, ஒருவருக்கு ஒரு கிலோ கழிவைக் குறைக்க 2 ரூபாய், பக்கத்து ஷாப்காரருக்கு 8 ரூபாய் செலவு. ஆளுக்கு 100 கிலோ குறை என்று உத்தரவு போட்டால் 1,000 ரூபாய் ஆகும். முதலாமவரே 200 கிலோவையும் குறைத்துச் சீட்டை விற்றால் 400தான். சூரத்தில் 2019இல் புகைத்தூளுக்கு இதைத்தான் செய்தார்கள், சந்தைக்குள் வந்த ஆலைகளின் புகைத்தூள் 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. புகைபோக்கியில் நாள் முழுக்க அளக்கும் கருவி இருந்ததால்தான் அது நடந்தது. 2023இல் அறிவித்த நம் கார்பன் சந்தையும் இதே வழிதான், ஆனால் அதில் மொத்தத்துக்கு மூடி இல்லை, ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு வாயு என்றுதான் கணக்கு, உற்பத்தி கூடினால் மொத்த வாயுவும் கூடலாம்.

சரி, அப்போ உப்புக்கும் சந்தை போடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. கரியமில வாயுவுக்கு ஊர் கிடையாது. ஆம்பூரில் விட்டாலும் ஆந்திராவில் இருக்கும் குப்பத்தில் விட்டாலும் வானத்துக்கு ஒன்றுதான், அதனால் சீட்டு எங்கே மாறினாலும் பரவாயில்லை. உப்புக்கு ஊர் உண்டு. ஆற்றில் எங்களுக்குக் கீழே இருக்கும் மேல்விஷாரத்துக்காரர் குறைத்துவிட்டு, சீட்டை என் பெரியப்பா கிணற்றுக்கு மேல்பக்கம் இருக்கும் ஷாப்புக்கு விற்றால், காகிதத்தில் மொத்தம் அதேதான், கிணறுதான் செத்துப்போகும்.

ஆகவே காற்றுக்குச் சந்தையோ வரியோ, எனக்கு இரண்டும் சம்மதம், சுரங்க வாசல் வசதிக்காக வரிக்கு அரை மார்க் கூட. தண்ணீருக்கு முதலில் கிணறு தாங்கும் அளவுக்கு ஓர் உச்சவரம்பு, அதைத் தாண்டினால் பூட்டு, அதற்குள் விடும் ஒவ்வொரு கிலோ உப்புக்கும் கட்டணம், அந்தக் காசு நேராகக் கீழ்பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு. மீட்டர் ஷாப் காம்பவுண்டுக்கு உள்ளே வேண்டாம், ஓடை தெருவில் இறங்கும் இடத்தில், எங்கள் வீட்டுக் கரண்ட் மீட்டர் போல யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கட்டும்.